கூடார வாசலில் வைத்த சோறு

14.6.1991, வெள்ளி. பட்டாபிராம்.

இன்று மதியம் தட்டைப் போட்டதும் அம்மா, "காக்காவுக்கு சோறு வெச்சிட்டு வாடி" என்றாள். எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே போட்டேன்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா."

எப்படிச் சொல்வது? கென்யாவில் தொண்டு வேலை முடிந்து திரும்பும் வழியில், மிருகங்களைப் பார்க்கக் காட்டில் ஓர் இரவு தங்கினேன். வீட்டுப் பழக்கத்தில் கூடார வாசலில் காக்காவுக்கு ஒரு பிடி சோறு வைத்தேன். இருட்டியதும் கழுதைப்புலி வந்து தின்றது. தின்ற பிறகும் போகவில்லை. கூடாரத் துணிக்கு அந்தப் பக்கம், என் தலைமாட்டிலேயே, விடியும்வரை மூச்சு விட்டுக்கொண்டு நின்றது.

இப்போது, ராத்திரி இதை எழுதும்போது, கொல்லைக் கதவுக்கு வெளியே அதே மூச்சு கேட்கிறது. தெரு நாயாகத்தான் இருக்கும். புழுக்கம் தாங்காமல் அப்பா அங்கேதான் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார். இவ்வளவு நேரம் கேட்ட அவருடைய குறட்டை இப்போது கேட்கவில்லை.