முப்பத்தொரு எட்டுகள்

நாள் 212, காலை 6:10
பதிவு: சுடலைமுத்து, காற்றுப் பராமரிப்பு, நிலவுத் தளம்.
அறைகள் எட்டு. எட்டிலும் காற்று சரி. காற்றுத் தொட்டியின் அழுத்தம் 7.4.
இங்கே காற்றை ஆளும் நிரல், பயிற்சிக் கையேட்டுக்காக நான் சி மொழியில் எழுதிய உதாரணத்திலிருந்து வளர்ந்தது. அதன் உச்சியில் ஒரு மாறிலி, அதாவது பெயர் வைத்த எண், வைத்தேன்: அறை_எண்ணிக்கை, 8. மற்ற இடங்களில் அந்தப் பெயர் மட்டும். பூமி அலுவலகம் பெயரை எடுத்துவிட்டு எங்கும் 8 என்றே எழுதிக்கொண்டது; இப்போது நிரலில் மொத்தம் முப்பத்தொரு எட்டுகள். நான் கல்லூரிக்குப் போகாதவன், என்னைக் கேட்கவில்லை. பதினேழாவது முறையாக எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.

நாள் 213, காலை 9:40
பக்கத்துத் தளம் சரிந்தது. பாறை ஆய்வாளர் கயல்விழியைக் கால் உடைந்த நிலையில் தூக்கி வந்தோம். மற்ற அறைகளில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. சரக்கு அறையை ஒன்பதாம் அறையாக்கினோம். நிரலின் பட்டியலில் எட்டு இடம்தான். ஒன்பதாம் அறையின் காற்று வால்வை அது திறக்காது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையால் திறக்கிறேன். இறுகிப்போன சக்கரம்.
கயல்விழி, இன்டர்காமில்: "அய்யா, உங்க கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் நான் இன்னும் பொறக்கவே இல்ல போல."

நாள் 213, மாலை 4:25
பூமி அலுவலகத்திலிருந்து நிவேதன்: "பெரியவரே, எட்டையெல்லாம் ஒன்பதா மாத்தி அனுப்பிட்டோம். ஒரு நிமிஷ வேலை. இதுக்குப்போய் நாலு பக்கம் லெட்டரா?"
என் பதில்: "தம்பி, முப்பத்தொண்ணும் ஒரே எட்டு இல்ல."
வரிவரியாகப் பார்த்தேன். இருபத்துநாலு எட்டுகள்தான் அறைகள். மற்ற ஏழில் ஒன்று, தொட்டி அழுத்தம் எட்டானதும் பம்பை நிறுத்துவது. அதையும் ஒன்பதாக்கியிருக்கிறார்கள். தொட்டி எட்டரை வரைதான் தாங்கும். ஏற்ற மறுத்தேன்.

நாள் 214, பிற்பகல் 2:05
தோள் பிசகிவிட்டது. முறை வைத்துத் திருப்ப வந்தவர்களாலும் சக்கரம் அசையவில்லை. இரண்டு முறை கூப்பிட்டும் கயல்விழி பதில் சொல்லவில்லை. இருபத்துநாலு இடங்களையும் திருத்த நேரமில்லை; கையேட்டுக்கு எழுதிய என் பழைய கோப்பையே ஏற்றப்போவதாகப் பூமிக்குச் சொன்னேன்.
நிவேதன்: "உங்க ஃபைல ஏத்தாதீங்க. இது உத்தரவு."
ஏற்றினேன். உச்சியில் ஒரே வரியை மாற்றினேன்: 9.

பிற்பகல் 2:20
ஒன்பதாம் வால்வு தானாகத் திறந்தது.
"அய்யா... காத்து வருது."
நிவேதனுக்கு அனுப்பினேன்: "ஒரு வரி. எண்ணிப் பார்த்துக்கோ."

பிற்பகல் 3:02
தொட்டி 8.2. பம்பு நிற்கவில்லை.
என் கோப்பில் தொட்டிச் சோதனையே இல்லை. பாடம் பட்டியலைப் பற்றியது என்பதால் விட்டிருக்கிறேன். குறிப்பும் என்னுடையதே: 'சுருக்கம் கருதி மற்ற சோதனைகள் தவிர்க்கப்பட்டுள்ளன.'
பழைய நிரலைத் திரும்ப ஏற்றக் கால் மணி நேரம். அவ்வளவு நேரம் இல்லை.

பிற்பகல் 3:09, குரல் பதிவு
தொட்டி அறை. 8.4. பம்பின் சுவிட்ச் தொட்டிக்கு அந்தப் பக்கம். கதவை உள்ளிருந்து பூட்டிவிட்டேன். வெடித்தாலும் அறைகளுக்குப் போகாது.
"அய்யா, என்ன சத்தம் அது? எங்க இருக்கீங்க?"
இதைக் கேட்பவருக்கு. பெயர் வைத்தது தப்பில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். இரண்டாவது வரி ஒன்று சேருங்கள். தொட்டி_உச்சம், 8. பெயராக எழுதுங்கள், வெறும் எண்ணாக
தொட்டியின் பற்றவைத்த தையல் பிரிகிறது. சுவிட்ச் இன்னும் மூன்று அடி