முதல் பாக்கு உங்களுக்கு

ஜுனுவின் அப்பாவுக்கு,

மீன் புளிக்குழம்பு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. ஜுனுவின் கொசுவலை கிழிந்திருக்கிறது, தைத்து வையுங்கள்.

நேற்று நீங்கள் கத்தியதில் ஒன்று மட்டும் சரி. "கல்யாணத்துக்கே பாக்கு வெக்காம கூப்பிட்டா எவன் வருவான்? நீ ரோட்டுல நின்னு ஊசி, ஊசின்னு கத்துற!" என்றீர்கள். என் தப்புத்தான். இன்றுமுதல் வீடு வீடாக, வெண்கலத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வணங்கித்தான் மூளைக்காய்ச்சல் தடுப்பூசிக்கு அழைக்கப் போகிறேன்.

உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டு டிம்பேஸ்வரை ஊசிக்குக் கூப்பிட்டேன். "அண்ணி, மொதல்ல உங்க வீட்டுக்காரர் போட்டுக்கட்டும். அடுத்த ஆளு நான்தான்," என்று சிரித்தார். நீங்கள், ஊசி போட்டுக் காய்ச்சல் வந்தால் வேலை கெடும், நடவு முடியட்டும் என்றீர்கள். அவரும் உங்களுக்காகக் காத்திருந்தார். இப்போது மூளைக்காய்ச்சல் வந்து, ஜோர்ஹாட் ஆஸ்பத்திரியில் பெண்டாட்டி ரூபாலியைப் பார்த்து, "யாரு நீ?" என்று கேட்கிறாராம்.

இதைச் சொல்லி உங்களைக் குத்திக்காட்ட எனக்குத் தெம்பில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

மத்தியானம் ரூபாலியின் மாமியார் வருவார். ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்தனுப்புங்கள். அவரிடம் ஊசிப் பேச்சு எடுக்க வேண்டாம்.

பினீதா

மறந்துவிட்டேன்: மேசைமேல் கமோசாத் துண்டு போட்டு மூடியிருப்பது உங்களுக்கான தட்டு. அந்தப் பாக்கை எடுத்து வாயில் போட்டால் ஊசி போடும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாக வேண்டும், நம் வழக்கம் தெரியுமல்லவா? வரமாட்டீர்கள் என்றால் தொடாதீர்கள்.

சாயங்காலம் டிம்பேஸ்வரின் தம்பியைக் கூப்பிடப் போகிறேன். அவனும் முதலில் உங்களைத்தான் கேட்பான்.