எத்தனை குளியலறைக்கு வெந்நீர்?

என் அக்கா பெற்ற மகாராணி தீக்ஷாவுக்கு,

நீ கோபித்துக்கொண்டு டெக்சாஸ் போனதும், நம் எடிசன் நகர அரண்மனைக்கும் குளியலுக்கும் சூடு தந்த பாய்லரும் கோபித்து உயிரை விட்டது. கூடத்தில் பனிக்கரடி உலவுகிறது. உன் மாமி அதற்கும் காபி கலக்கிறாள். நான் மாடிப்படியில் ஏறி இறங்கியே சூடேற்றிக்கொள்கிறேன்.

புது பாய்லருக்காக வந்தவர், எத்தனை குளியலறை என்று கேட்டார். கீழே மட்டுமென்றால் சின்னது போதுமாம்.

"மாடியில யார் குளிக்கிறா? சின்னதே போறும்னு சொல்லுங்கோ," என்றாள் மாமி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மாடிக் குளியலறையில் ராரிட்டன் ஆற்றையே தலையில் ஊற்றிக்கொள்பவள் நீ. சின்னது என்று சொல்லாமலே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாடியில் குளிப்பாயா? பாய்லருக்காகத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

மூன்று ஸ்வெட்டருக்குள்ளிருந்து,
உன் மாமா