பெயர் எழுதாமல் போட்ட சீட்டு

பிரேசர் டவுன், பெங்களூர்
12 நவம்பர் 2001, திங்கள்

அன்புள்ள நோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ அங்கே சுகமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. சுகமில்லை என்று தெரிந்துகொண்டே அந்தக் கேள்வியை எழுதக் கை வரவில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாளை மறுநாள் தீபாவளி, கூரியர்க்காரர்களுக்கு அன்றைக்கு லீவாம், இன்று மத்தியானத்துக்குள் கொடுத்தால்தான் வியாழக்கிழமை அந்தேரியில் உன் கையில் சேரும் என்றார்கள். நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அதைச் சரிசெய்யப் போய் இன்னொன்றும் செய்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை நீ அந்த எட்டு ஊர் ஷோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இரண்டும் உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நீ அனுப்பிய புது ஆல்பத்தின் கேசட் போன மாதக் கடைசியில் வந்தது. அப்பா அன்றைக்கே இரண்டு முறை போட்டுக் கேட்டார். காலால் தாளம் போட்டுக்கொண்டே, பரவாயில்லையே ஜானகி, நம்ம பொண்ணு பாஸ்டரையே ஆடவெச்சுடுவா போலிருக்கே என்றார். இந்த மாதிரி டான்ஸ் பாட்டில் எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது, உனக்கே தெரியும். பக்கத்து அறையில் வாஷிங் மெஷின் ஓடுவதுபோல ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது பாட்டு மட்டும் நன்றாக இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். அப்பா ஃபேக்டரிக்குப் போன பிறகு நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். உன் முதல் ஆல்பத்தில் வெறும் கிடாரை வைத்துக்கொண்டு பாடினாயே, அதில் ஒரு சொல்லைப் பதினொரு வினாடி விடாமல் பிடித்திருக்கிறாய். இதில் ஒன்பது பாட்டில் எந்த இடத்திலும் இரண்டு வினாடிக்கு மேல் நீ ஒரு சுரத்தில் நிற்கவில்லை. மூச்சு இழுக்கும் சத்தமும் எங்கேயும் கேட்கவில்லை. அந்த இசையமைப்பாளர் உன்னை மூன்று மூன்று சொல்லாகப் பாடச் சொல்லி, நடுவில் உள்ள மூச்சையெல்லாம் கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டு ஒட்டிக்கொண்டார் என்று ஜூலையில் நீ சிரித்துக்கொண்டே ஃபோனில் சொன்னாய். அவருக்கே காரணம் தெரியாது, ஸ்டைலுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாய். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் உன் வெள்ளி நிற உடுப்புப் படத்தைப் போட்டு, மெல்லிய பாட்டுக்காரி காலத்தைப் புரிந்துகொண்டு துணிச்சலாகத் தன்னை மாற்றிக்கொண்டாள் என்று எழுதியிருந்தார்கள். காலேஜில் எல்லோரும் கைகொடுத்தார்கள். நீளமாகப் பிடிக்க முடியாமல் போனதால்தான் நீ குட்டிக் குட்டியாகப் பாடுகிற பாட்டுக்குப் போனாய் என்பது உனக்கும் உன் பம்பாய் டாக்டருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்பாவிடம்கூடச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாய். நானும் கொடுத்தேன்.

நான்கு மாதம் அதைக் காப்பாற்றினேன். கேசட்டைக் கேட்ட பிறகு முடியவில்லை. எனக்குத் தெரிந்த காது மூக்குத் தொண்டை டாக்டர் கோவிந்தப்பா இருக்கிறார், எங்கள் காலேஜ் கன்னட லெக்சரரின் கணவர். என் மாணவி ஒருத்திக்கு என்று சொல்லிக் கேட்டேன். குரல்நாணில் இரண்டு முடிச்சு என்றதும் அவர், மேடம், கால் முறிஞ்சா மாவுக்கட்டு போடறோம் இல்லையா, இதுக்கு மவுனம்தான் மாவுக்கட்டு, கட்டைப் பிரிச்சுப்போட்டு ஓடினா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது என்றார். எட்டு ஊரில் மூன்று வாரம் ஆடிக்கொண்டே பாடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். உங்க ஸ்டூடண்ட் பாடகியா என்று திருப்பிக் கேட்டார். பேச்சை மாற்றிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பாடம் நடத்தும்போது நடுவில் நின்றுவிடுகிறேன். முதலாண்டுப் பிள்ளைகளுக்குத் தவளையின் சுவாச உறுப்பு நடத்த வேண்டியிருந்தது, போர்டில் படத்தைப் போட்டுவிட்டு அவர்களையே பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு சர்ச்சில் நான் செய்ததைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமாக அப்பாவுக்காகச் சர்ச்சுக்குப் போகிறேன், பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன், வாயைத் திறக்கமாட்டேன். வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் இதுவரை ஒரு சீட்டும் போட்டதில்லை. அன்றைக்கு அப்பா பாடகர் குழுவோடு முன்னால் போய் உட்கார்ந்த பிறகு, நான் ஒரு சீட்டை எடுத்து எழுதி உள்ளே போட்டேன். பெயர் எழுதவில்லை. பெயர் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் எதையும் அரைகுறையாக எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லையே. பாடும் தொழிலில் உள்ள இருபத்துநான்கு வயதுப் பெண்ணின் குரல்நாணில் உள்ள இரண்டு முடிச்சுகள், டிசம்பர் மாத நிகழ்ச்சிகளுக்கு முன், அறுவை சிகிச்சை இல்லாமல் கரைய வேண்டும் என்று எழுதினேன். பாஸ்டர் தனியாகப் படிப்பார் என்று தெரியும். அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு சீட்டையும் மைக்கில் அப்படியே வாசித்து, சபை முழுவதும் எழுந்து நின்று ஜெபிப்பது என்று புது வழக்கம் கொண்டுவந்திருக்கிறார், அது எனக்குத் தெரியாது. முழுவதையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இந்தச் சபையிலிருந்து பாடப் போனவர்கள் எத்தனை பேர்? எனக்கு முன் வரிசை என்னைத் திரும்பிப் பார்த்தது, பிறகு அதற்கு முன் வரிசை திரும்பியது. பாடகர் பெஞ்சிலிருந்து அப்பாவும் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து நில்லுங்கள் என்றதும் எல்லோரோடும் நானும் நின்றேன்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஸ்கூட்டர் மாஸ்க் ரோட்டில் திரும்பியது. எத்தனை மாசமா என்று அப்பா கேட்டார். நாலு என்றேன். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். அவளுக்கு அந்த மேல் ஸ்தாயி ஒத்துக்காது, ரெண்டாவது ஆல்பத்திலேயே கத்தவெச்சாங்க, நான் அப்பவே சொன்னேன் என்றார். உன்மேல் கோபமில்லை, என்மேல்தான். வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டு மௌரீன் பனங்கற்கண்டும் மிளகும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், அவள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு எப்படி அரை மணி நேரத்தில் தெரிந்தது என்று இன்னும் விளங்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் மேஜையில் ஏழு பொட்டலம் பனங்கற்கண்டு சேர்ந்துவிட்டது. ஏன் ஜானகி, நாங்கல்லாம் மனுஷங்க இல்லையா, பெட்டிக்குச் சொல்றே, எங்களுக்குச் சொல்லமாட்டியா என்று மௌரீன் குத்தினாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் என் மானத்தோடு போயிருக்கும். உன் கம்பெனியின் கேசட்டுகளை இந்த ஊரில் கடைகளுக்குப் போடுகிற மைக்கேல்ராஜ் அன்றைக்குப் பின் வரிசையில் இருந்திருக்கிறான். புதன்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டான். ஆன்ட்டி, நான் உங்க பிள்ளை மாதிரி, உண்மையைச் சொல்லுங்க, கடைசி ஷோ நம்ம ஊர்ல, நான் கடைக்காரங்ககிட்ட வாய் விட்டுட்டேன், நாளைக்கு நோரா மேடையில நின்னுட்டு குரல் வரலேன்னா என் மூஞ்சிக்குத்தான் தக்காளி என்றான். அப்படி ஒன்றுமில்லை என்றேன். சரி ஆன்ட்டி, பம்பாய்க்குச் சும்மா ஒரு வார்த்தை கேட்டுவெச்சிருக்கேன், அவங்க கூப்பிட்டா நீங்களே சொல்லிடுங்க என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். கெட்ட பையன் இல்லை. பயந்தவன், என்னைப் போல.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் மேனேஜர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். உடல்நிலை பற்றி எதையும் மறைத்தால் கம்பெனி ஆல்பத்திலிருந்தே விலகிக்கொள்ளலாம் என்று ஆல்ப ஒப்பந்தத்தில் ஒரு வரி இருப்பதை ஞாபகப்படுத்தினார். நோரா நன்றாக இருக்கிறேன் என்கிறாள், நீங்கள் படித்தவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். அந்தச் சர்ச் சீட்டு என் மாணவி ஒருத்திக்காக எழுதியது என்று சொன்னேன். அவளும் பாடுகிறாளா என்றார். ஹோட்டல்களில் பாடுகிறாள் என்றேன். பெயர் என்ன என்று பேச்சுவாக்கில் கேட்டார். நிக்கோல் என்றேன். இல்லாத ஒரு பெண்ணுக்குப் பெயர், தொழில், நோய் எல்லாம் ஒரு நிமிஷத்தில் என் வாயிலிருந்து வந்துவிட்டது. நல்லவேளை, அப்படியானால் புனேயை உறுதி செய்துவிடுகிறேன் என்றார். ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் ஷோவுக்குப் புனே மேடையில் உன்னை ஏற்றிவிடுவதற்கு நான் சாட்சி சொல்லியிருக்கிறேன்.

அப்பா உடனே திருப்பிக் கூப்பிட்டு உண்மையைச் சொல் என்கிறார். குரல் போனா ஆல்பம் எதுக்கு, அவளுக்குக் குரல்தானே எல்லாம் என்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சொன்னால் ஷோவோடு நிற்காது. ஆல்பம் வெளிவர இன்னும் பத்து நாள் இருக்கிறது, கம்பெனிக்காரர்கள் அதைப் பெட்டியிலேயே வைத்து மூடிவிடலாம். இரண்டாவது ஆல்பம் ஓடாதபோது உன் ஃபோனை ஆறு மாதம் எடுக்காதவர்கள் அவர்கள். ஒன்றரை வருடம் நீ பட்ட பாட்டை நான் ஒரு ஃபோனில் அழிப்பதா? சொல்லாமல் இருந்தால் எட்டு ஊர் முடிவதற்குள் உன் குரல் போய்விடும். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்தச் சீட்டில் உன் வயது, தொழில், மாதம் எல்லாவற்றையும் எழுதினேனே, யாராவது கண்டுபிடித்து உன்னை நிறுத்திவிட மாட்டார்களா என்று எனக்குள் எங்கேயோ ஆசை இருந்ததோ என்று நாலைந்து நாளாக யோசிக்கிறேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்காக என்னை நீ திட்டலாம்.

நீ பாடத்தான் போகிறாய் என்றால் ஒன்று கேள். மேடையில் ரெக்கார்டுக்கு வாயசைத்துவிட்டுப் போய்விடு. அப்படிச் செய்கிறவர்களைக் கேவலமாகப் பேசுகிறாய், நேரில் பாடியே தீருவேன் என்கிறாய். ஐந்தாம் வகுப்பில் பக்கத்துப் பெண் பேப்பரைப் பார்த்து எழுதியதற்காக உன்னை இரண்டு நாள் பேசாமல் ஒதுக்கி வைத்தவள் நான்தான், இன்று நானே ஏமாற்றச் சொல்கிறேன். கூட்டத்துக்கு அந்தச் சத்தத்தில் ஒன்றும் தெரியாது. மெதுவாகக் கிசுகிசுத்துப் பேசினால் குரலுக்கு நல்லது என்று நினைக்காதே, அதுவும் குரல்நாணை இழுக்குமாம், கோவிந்தப்பா சொன்னார். ஒன்றும் பேசாமல் இருப்பதுதான் நல்லது. ராத்திரி பாட்டு வீடியோ ஷூட்டிங் முடிந்து வந்து காரமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதே. ஏழு பொட்டலத்தில் மூன்றை இதோடு வைத்திருக்கிறேன், பயன் இருக்கும் என்று நான் நம்பவில்லை, கொடுத்தவர்களுக்காக வைத்திருக்கிறேன்.

உன்னை ஃபோனில் கூப்பிட்டால் பேசவைத்த பாவம் வரும் என்றுதான் எழுதினேன். பதில் எழுதி வந்து சேர நாளில்லை. அதனால் அப்பாவும் நானும் பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். குரல் உன்னுடையது, முடிவும் உன்னுடையதாக இருக்கட்டும். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பத்து மணிக்குள் நம் வீட்டு நம்பருக்கு அடித்து, மணி ஒரே ஒரு தடவை ஒலித்ததும் வைத்துவிடு. நான் எடுக்கமாட்டேன், நீயும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அடித்தால், உண்மையைச் சொல்லிவிடு என்று நீ சொன்னதாக எடுத்துக்கொண்டு, அடுத்த நிமிஷம் மேனேஜரைக் கூப்பிட்டு, நிக்கோல் என்று யாரும் இல்லை, பொய் சொன்னது நான், என் மகளுக்கு இதில் பங்கில்லை என்பேன். அந்த ஒப்பந்த வரியை என் தலையில் போட்டுக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். அடிக்காவிட்டால் நீ பாடுகிறாய் என்று அர்த்தம். அதன் பிறகு இதைப் பற்றி நானோ அப்பாவோ யாரிடமும் வாய் திறக்கமாட்டோம், புனேக்கு நான் லீவு போட்டு வந்து கடைசி வரிசையில் நிற்பேன், நீ வேண்டாம் என்றாலும் வருவேன்.

அந்த ஒரு மணி நேரம் மௌரீனையும் யாரையும் ஃபோன் பண்ண வேண்டாம் என்று சொல்லிவைக்கப் போகிறேன், வேறு யாராவது அடித்து, அதை நீ அடித்ததாக நான் நினைத்துவிடக்கூடாது. இரண்டு முறை அடிக்கவிடாதே. ஒன்றுதான்.

யாரைக் கும்பிடுவது என்று எனக்கு இன்னும் தெரியாது, யாராக இருந்தாலும் உன்னோடு இருக்கட்டும். வெந்நீரை மறக்காதே, டாக்டரின் கேமரா ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு. அப்பா தனியாக எழுத உட்கார்ந்தார், இரண்டு வரிக்கு மேல் வரவில்லை, உனக்குத் தன் ஆசீர்வாதத்தை இதிலேயே எழுதிவிடச் சொன்னார். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே ஃபோன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
ஜானகி ஃபிராங்க்ளின்