ஈய மணலில் நீ வளர்த்த பாலைவனம்

இன்று காலை, புக்கிட் பெருந்துங்கில் எங்கள் ஆய்வுக்கூடத்து கண்டீனில், என் பொய்ப்பல் கழன்று தே தாரேக் தேநீர் கிளாஸுக்குள் விழுந்தது. எதிரே இருந்த இரண்டு பெண்களும் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். நான் கரண்டியால் துழாவி எடுத்து, சட்டையில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டேன். “பழைய பல் என்னாச்சு?” என்று கேட்டார் புதிதாக வேலைக்கு வந்தவர். “நண்பன் ஒருத்தன் உடைச்சான்” என்றேன். “நண்பனா?” என்றார். “நெருங்கிய நண்பன். அதனாலதான் ஒண்ணோட விட்டான்.”

மச்சான், நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. உன் கையெழுத்து இன்னும் என் வாயில் இருக்கிறது.

உனக்கு வாய் திறப்பதற்குள் கை நீண்டுவிடும். தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு என்பதால் உன் கையின் வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். திருவிழாவில் ஒருவன் உன் அக்காவைப் பார்த்துச் சீட்டியடித்தான் என்று அவன் மண்டையைத் தவிலுக்குள் செருகினாய். தவில் தோலும் கிழிந்தது, அவன் தோலும் கிழிந்தது. விசாரித்தால் அவன் கூப்பிட்டது தன் நாயை. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அவன் அண்ணனையும் அடித்துவிட்டு வந்தாய். “மொறைச்சான்லா” என்று எனக்கு விளக்கம் வேறு.

அப்படிப்பட்ட நீ வைத்தியனானதை இன்றைக்கும் யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டி வெட்டி முழங்கால் போய், தோட்டத்து வேலையை விட்டிருந்தாய். வீடு வீடாகக் கம்பளம் விற்கும் பட்டாணியர் ஒருவர் நீ நொண்டுவதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பிடி விதை கொடுத்தார். அவர் ஊர்ப் பாலைவனத்தில் மணல்மேல் படரும் கொடி. காயை நாக்கில் வைத்தால் உச்சந்தலை வரை கசக்கும். நம் நாட்டு மருந்துக் கடையில் பேய்க்குமட்டி என்பார்கள். மூட்டு வலிக்கும் மலச்சிக்கலுக்கும் அங்கே காலங்காலமாகக் கொடுப்பதாம். மணல் வேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நாம் இருப்பதோ நாள் தவறாமல் மழை கொட்டும் சிலாங்கூர்.

நீ அசரவில்லை. பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, பழைய ஈயச் சுரங்கம் கழுவிக் கொட்டிய வெள்ளை மணல் மேட்டைப் பிடித்தாய். நீல பிளாஸ்டிக்கில் கூரை போட்டு, மழையை வெளியே நிறுத்தி, உள்ளே ஒரு பாலைவனம் வளர்த்தாய். கொடி காய்த்ததும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். “பாத்தியாடா? மணலுன்னா மணலுதான். அங்க என்ன, இங்க என்ன?” நான் தலையாட்டினேன். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? அங்கே என் வேலை, சோதனைக்கு வரும் பொருளை அரைப்பதும் குடுவை கழுவுவதும்தான். ஆனால் தோட்டத்து ஜனங்கள் என்னை விஞ்ஞானி என்றார்கள், நானும் மறுக்கவில்லை.

வேரையும் காயையும் காயவைத்து, சுக்கோடு சேர்த்து, இரும்பு உலக்கையால் இடித்து விற்றாய். உன் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. வந்தவர் கண்முன்னே நீ ஒரு சிட்டிகை விழுங்கிய பிறகுதான் பொட்டலம் கை மாறும். “நான் திங்காதத ஒனக்குக் குடுக்க மாட்டேன்லா.” பத்துப் பேர் வந்தால் பத்துச் சிட்டிகை. பதினோராவது ஆள் வரும்போது நீ கக்கூஸில் இருப்பாய். உன் மனைவி சரசுதான், “கொஞ்சம் இருங்க, வைத்தியர் டெஸ்ட் பண்றாரு” என்று சமாளிப்பாள்.

சந்தையில் ஒருவன் உன் தூளை வெள்ளரிக்காய்ப் பொடி என்று சொன்னதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவனை முதுகிலே நாற்காலி உடைய அடித்துவிட்டு, சட்டையெல்லாம் ரத்தத்தோடு நேராக என் வீட்டுக்கு வந்தாய். “நீ வேல செய்ற எடத்துல டெஸ்ட் பண்ணு. அசலுன்னு ஒரு பேப்பர் குடு. அவன் வாயிலயே திணிக்கணும்.”

எங்கள் கெமிஸ்ட், சின்ன வயதுச் சீனப் பெண், மூன்று நாள் பார்த்தாள். செடி அசல். அந்தக் கசப்புச் சத்தும் அதில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, “அங்கிள், இது எங்கே வளருது?” என்று கேட்டாள். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தாள். தூளில் காரீயமும் ஆர்செனிக்கும் இருந்தன, மனிதர் உடம்புக்குள் போகவே கூடாத அளவில். சுரங்க மணலில் கிடந்ததைக் கொடி உறிஞ்சிக்கொண்டது. இடித்தாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. “யாராவது சாப்பிடுறாங்களா?” என்றாள். எல்லோரையும்விட அதிகமாகச் சாப்பிடுகிறவன் யார் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கே நான் மோட்டார் சைக்கிளை உன் மேட்டுக்கு விட்டிருக்க வேண்டும். உன் கைக்குப் பயந்து மூன்று வாரம் கழித்துத்தான் வந்தேன்.

வந்த அன்று நீ உலக்கையும் கையுமாக நின்றாய். நான் எட்டடி தள்ளி நின்று தாளை நீட்டினேன். “மச்சான், செடி அசலு. மண்ணுதான் விஷம். இன்னையோட நிறுத்திடு.”

“அந்தச் சந்தைக்காரன் எவ்ளோடா குடுத்தான்?” என்றாய்.

“டேய், உன் உயிருடா…”

வாக்கியம் முடியவில்லை. முதல் குத்தில் கண் இருண்டது. இரண்டாவதில் ஏதோ உடையும் சத்தம் என் தலைக்குள்ளிருந்து வந்தது. மணலில் குப்புற விழுந்தேன். வெள்ளை மணலில் சிவப்பாக ஒரு துளி, பக்கத்தில் என் பல். என் முதுகில் முழங்காலை அழுத்திக்கொண்டு, தகர டப்பாவைத் திறந்து, ஒரு கைப்பிடி தூளை அப்படியே வாயில் கொட்டினாய். “பாரு! செத்தனா? செத்தனாடா?” சாகவில்லை. கால்மணி நேரத்தில் கக்கூஸுக்கு ஓடினாய். தகரக் கதவுக்குப் பின்னாலிருந்தும் என் பரம்பரையைத் திட்டுவதை நிறுத்தவில்லை. சரசு என் வாயில் துணியை வைத்து அழுத்தினாள். ரத்தம் தெறித்த அந்தத் தாளை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.

அடுத்த மாதம் மணியம் அண்ணன் சுருண்டு விழுந்தார். லோரி ஓட்டுகிறவர், முதுகுவலிக்கு உன் தூளைத் தின்றவர். ஆஸ்பத்திரியில் உடம்பில் காரீயம் என்று சொன்னதும் அவர் தம்பிகள் இருவரும் பாராங் கத்தியோடு உன் மேட்டுக்கு ஏறினார்கள். அவர்கள் கிளம்பியதைக் கேள்விப்பட்டதுமே சரசு போன் போட்டாள். ஆய்வுக்கூடத்திலிருந்து நான் ஓடிவந்தபோது பிளாஸ்டிக் கூரை கிழிந்து தொங்கியது. உன் இடது முன்கையில் சதை பிளந்து கிடந்தது. அந்தக் கையாலேயே ஒருவன் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தாய். அவன் முகம் கத்திரிக்காய் நிறம். மற்றவன் மூக்கு உடைந்து மண்டியிட்டுக் கிடந்தான். நான் வீரமாக ஒரு தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றேன்.

“எங்கண்ணன் ஒன்ன நம்பித்தானடா தின்னாரு!” என்று மண்டியிட்டவன் கத்தினான். “நீ தின்னு காட்டுனியாம். அதப் பாத்துதான் தின்னாராம்!”

உன் பிடி தளர்ந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஜெயித்துக்கொண்டிருக்கும் சண்டையை நீ பாதியில் விட்டாய். சரசு அரிசி டப்பாத் தாளைக் கொண்டுவந்து உன் கையில் வைத்தாள். நின்றபடியே படித்தாய். பிறகு உலக்கையை எடுத்தாய். எல்லோரும் பின்வாங்கினோம். நீ எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. டப்பாக்களை அடித்து நொறுக்கினாய். காய்களை ஒவ்வொன்றாக உடைத்தாய். கசப்பு நெடியில் எங்களுக்கெல்லாம் கண் எரிந்தது. உலக்கை கை நழுவியதும் வெறுங்கையால் கொடிகளை வேரோடு பிடுங்கினாய், வெட்டுக்காயத்திலிருந்து ரத்தம் மணலில் சொட்டச் சொட்ட. உன்னைக் கொல்ல வந்த இரண்டு பேரும்தான் கடைசியில் உன்னைக் கட்டிப்பிடித்து நிறுத்தினார்கள்.

மணியம் அண்ணன் பிழைத்துக்கொண்டார். அவர் தின்றது அவருடைய பங்கு மட்டும். நீ தின்றது வந்தவர் அத்தனை பேருக்குமான பங்கு. உன் சிறுநீரகம் கெட்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது, பிரஷரும் இருந்தது என்றார் டாக்டர். நீ அவரிடம் வாதாடவில்லை. “நானே கேட்டு வாங்குனது டாக்டர்” என்றாய்.

இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு உன்னைக் கட்டிப்போட்டிருந்த ஒரு மதியம், பக்கத்தில் உட்கார்ந்து தோட்டத்து வம்பெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாய்: “அன்னிக்கி ஏண்டா என்னைத் திருப்பி அடிக்கல?”

“உன்னையா? மீதிப் பல்லு வேணாமா எனக்கு?”

“அடிச்சிருந்தா நம்பியிருப்பேன்டா. நீ எட்டடி தள்ளி நின்னு நடுங்குன. பயந்துகிட்டுச் சொல்றவன் பேச்ச எவன்லா நம்புவான்?”

நான் சிரிக்கப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்தபடியே சொன்னாய்: “அந்தப் பேப்பர்ல தேதி இருந்துச்சு. மூணு வாரம்.”

ஊசி குத்தியிருந்த உன் கை மெல்ல எழுந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். உன் விரல், என் பொய்ப்பல்லுக்குப் பக்கத்துப் பல்லை இரண்டு தடவை தட்டிவிட்டு இறங்கியது.

“இது பாக்கி” என்றாய். “எந்திரிச்சு வந்து வாங்கிக்கிறேன்.”

நீ எழுந்து வரவில்லை.

இன்று மதியம் ஒருவர் சோதனைக்குக் கற்றாழைச் சாறு கொண்டுவந்தார். முரட்டு ஆள், உன்னைவிட ஒரு சாண் உயரம். வழக்கம்போல முதலில் எட்டடி தள்ளித்தான் நின்றேன். ஆனாலும் கிட்டே போய் நின்று, “எந்த மண்ணுல வளர்த்தீங்க?” என்றேன். முறைத்தார். சுரங்க மணலாம். கெமிஸ்ட் பார்க்கட்டும், முடிவு வந்த அன்றைக்கே உங்கள் வீட்டு வாசலில் நிற்பேன், அதுவரை ஒரு சொட்டும் குடிக்காதீர்கள் என்றேன். அவர் ஓர் அடி முன்னால் வந்தார். நான் பின்னால் நகரவில்லை மச்சான். நாக்கு மட்டும் தானாகப் போய், நீ தட்டிய அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இன்னும் ஆடாமல் இருக்கிறது.