கரையோர ரயிலும் மூன்றாவது ரக்அத்தும்

ஐந்து நேரத் துஆவிலும் பெயர் விடுபடாத என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் மகள் ஷிஃபானாவுக்குத் தெற்கே காலி நகர்ப் பக்கம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. நானும் என் தம்பி நௌஸாதும் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அவளை விட்டுவிட்டு வர நான் போகவில்லை. ஒருமுறை காட்டினால் ஆசை அடங்கும், திரும்பக் கூட்டிவந்துவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் போனேன்.

சுனாமியன்று கடல் ஊருக்குள் வந்தபோது, பன்னிரண்டு வயதில் இருந்தவளை மாடிப்படியில் ஏற்றிவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்க ஓடினீர்கள். அடக்கம் செய்ய உங்கள் மையித்துக்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளை நான் ஓர் இரவும் பிரிந்ததில்லை. கடலை நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. இப்போது இருப்பது உள்ளுக்குள் கட்டித்தந்த வீட்டுத்திட்டத்து வீட்டில். அங்கே அலைச்சத்தம் கேட்காது.

யுத்தம் முடிந்துவிட்டது மச்சான். கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகும்போது ஒருவரும் எங்களை இறக்கிச் சோதிக்கவில்லை. ஆனாலும் கொழும்பு ரயில், முன்பு சோதனை நடந்த வெலிக்கந்தையில் நின்றதும் என் கை தானாக அடையாள அட்டையைத் தேடியது. பழக்கம் லேசில் விடுமா?

கொழும்பில் தங்கி, மறுநாள் காலை காலிக்குப் போகும் ரயில் எடுத்தோம். விடுமுறைக் காலம். பாய், பந்து, சோற்றுப் பார்சல் என்று கடல் குளிக்கப் போகிற குடும்பங்கள் பெட்டி நிறைய. வாசலில் கால் தொங்கவிட்டபடி வெள்ளைக்காரப் பிள்ளைகள். கொஞ்ச தூரத்திலேயே கடல் தண்டவாளத்தின் காலடிக்கு வந்துவிட்டது. எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். நான் என் மடியைப் பார்த்தேன். யன்னலோரம் இருந்த மகளின் சட்டைக் கையை மட்டும் பிடித்திருந்தேன்.

"ராத்தா, புள்ளைர சட்டைய விடுங்க. கிழிஞ்ச சட்டையோட போனா தையல் வகுப்புக்குத்தான் சேர்ப்பானுகள்" என்றான் நௌஸாத். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹிக்கடுவைக்குக் கொஞ்சம் முன்னால் ரயில் மெதுவாகி நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. றபான் அடித்துப் பாடிக்கொண்டு வந்த குடும்பம் பாட்டை நிறுத்தியது. அன்று கடல் ஒரு ரயிலையே ஆட்களோடு எடுத்த இடம் அதுதான் என்று மகள் காதுக்குள் சொன்னாள். யாஸீன் சூராவை ஓதத் தொடங்கினேன். எத்தனையோ வருஷம் மனப்பாடமாக ஓதியது, பாதியில் நின்றுபோனது. பிறகு ரயில் அசைந்தது.

"இறங்கினதும் திரும்பிருவம் மகள்" என்றேன்.

"பார்த்துட்டுத்தானே கதைக்கணும் உம்மா" என்றாள்.

விடுதியில் எங்களுக்குக் காட்டிய அறையின் யன்னலுக்குக் கீழேயே கடல். பொறுப்பாளர் அம்மா இரண்டு மணிக்கு வருவார், அப்போது தாய் கையொப்பம் வைத்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். நௌஸாத் வெளியில் கிடந்த வாங்குப் பலகையில் இருந்துகொண்டான். லுஹர் தொழுகை நேரம் ஆகியிருந்தது. நான் முஸல்லாவை விரித்துக் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பயணிக்குரிய சுருக்கத் தொழுகையாக நான்கு ரக்அத்தை இரண்டாக்கித் தொழுது முடித்தேன். கை கால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

"உம்மா, கிப்லா மற்றப் பக்கம்."

"மற்றப் பக்கம் கடல்."

"ஓம். எங்கட ஊர்லதான் கடல் கிழக்கால. இஞ்ச மேற்கால."

உச்சி வெயில், சூரியனைப் பார்த்தும் திசை பிடிபடாத நேரம். பிறந்ததில் இருந்து, மக்கா இருக்கும் மேற்கைப் பார்க்க, கடலுக்கு முதுகைக் கொடுத்துத் தொழுதவள், இங்கேயும் அப்படியே நின்றிருக்கிறேன். விடுபட்ட தொழுகைகளை நான் குறித்துவைக்கும் கொப்பியைப் பகிடி பண்ணுவீர்களே, அந்தக் கொப்பிக்காரி செய்த பிழையைப் பாருங்கள்.

மீட்டித் தொழ வேண்டும். முஸல்லாவைத் திருப்பினேன். யன்னல் நிறையக் கடல். நெஞ்சுக்கு மேலே கை எழும்பவில்லை. மகள் பக்கத்தில் தோளோடு தோளாக வந்து நின்று, "நான் இமாமாக நிற்கிறன், என்னோட வாங்க உம்மா" என்றாள். அவள் தக்பீர் சொன்னாள். நான் அவளைப் பின்தொடர்ந்தேன். தரையில் தலை வைத்த ஸுஜூதில் அலைச்சத்தம் நெற்றிக்கு நேரே வந்து விழுந்தது.

இரண்டாவது ரக்அத் முடிந்து இருப்பில் இருந்தோம். ஸலாம் கொடுத்து முடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அல்லாஹு அக்பர் என்று சொல்லி மூன்றாவது ரக்அத்துக்கு எழும்பினாள்.

இரண்டாகச் சுருக்குவது பயணிக்குத்தான். ஓர் இடத்தில் தங்க எண்ணி நிய்யத் வைத்தவர் நான்கும் தொழ வேண்டும், அவரைப் பின்பற்றுகிறவரும் நான்கு. கிதாபைப் பார்த்து நானாகப் படித்து, நான்தான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். அவள் தங்க முடிவெடுத்துவிட்டாள் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. தொழுகைக்குள் நின்று என்ன கதைப்பது? அவளோடு எழும்பாமல் ஒரு கணம் இருந்தேன். அந்தக் கணத்துக்கு அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். பிறகு எழும்பினேன்.

ஸலாம் கொடுத்ததும், "கோவமா உம்மா?" என்று கேட்டாள்.

"நாலும் சரியாத் தொழுதாய்" என்றேன். இரண்டு மணிக்குக் கையொப்பம் வைத்தேன்.

வீட்டில் இப்போது ஓர் ஆளுக்குத்தான் அரிசி போடுகிறேன். வானொலியில் காற்று, கொந்தளிப்பு என்று ஏதும் சொன்னால் கை நேரே போனுக்குப் போகிறது. நீங்கள் இருந்தால் அவளை அங்கே விட்டிருப்பீர்களா? தெரியவில்லை. ஆனால் மச்சான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எந்தச் செய்தி வந்தாலும் அவளைக் கூப்பிட்டுக் கதைப்பேன், சாப்பிட்டாயா, தொழுதாயா என்று கேட்பேன். திரும்பி வா என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
நீங்கள் மாடிப்படியில் ஏற்றிவிட்ட பிள்ளையின் உம்மா,
சித்தி பரீதா