உன் கைக்கு எட்டிய மூன்று சுவிட்சுகள்

அக்கா,

இன்று காலை உச்சிப்புளி வேன் ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரர் புதிதாகச் சுவிட்சு போர்டு மாட்டிக்கொண்டிருந்தார். வயர் சூடேறி உறை கருகும் வாடை வந்தது. உனக்காக நம் வேனில் போர்டு மாட்டிய நாள் ஞாபகம் வந்து, அங்கே நிற்க முடியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் முதுகெலும்பில் கட்டி என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகு, என் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு உனக்கு மெத்தை விரித்தேன். அபிராமத்தில் உன்னை ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வைத்தியத்துக்குக் கிளம்புவேன். மச்சானால் வயலை விட்டு வர முடியாத நாட்களில் நாம் இருவர் மட்டும்தான். ஒருமுறை பார்த்திபனூர் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது, சேலைத் தலைப்பைக் கடித்தபடி வலியில் சுருண்டு கிடந்தாய்.

"கூப்பிட வேண்டியதுதானேக்கா?"

"கூப்பிட்டேன் தம்பி. இஞ்சின் சத்தத்துல ஒனக்குக் கேக்கல."

மறுநாளே ராமநாதபுரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஃபேனுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, என் தலைக்கு மேல் அடிக்கும் பஸருக்கு ஒன்று என மூன்று சுவிட்சு கேட்டேன். எலக்ட்ரீசியன் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் லைன் எடுக்கப் போனார். தடுத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை அணைத்துவிட்டு நான் சீட்டு வாங்க நிற்கும்போதும் உனக்குக் காற்று வேண்டும்.

"பேட்டரி எறங்கிப் போகும்ணே."

"எறங்கட்டும். தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கிருவேன்."

எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்தில் இணைத்து, தனி ஃபியூஸ் போட்டுக் கொடுத்தார். தரை ரெக்சினுக்கு அடியில் வயரை நானே இழுத்து, உன் கை எட்டும் உயரத்தில் போர்டை மாட்டித் திருகாணியை முடுக்கினேன்.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. பஸர் அடித்ததும் ஓரங்கட்டிப் பின்கதவைத் திறப்பேன். அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் கொடுப்பேன். காலைப் பிடித்துவிடுவேன். நேரத்துக்கு முன்னால் மாத்திரை கொடுக்கக்கூடாது என்றிருந்தார்கள். வலி அடங்கி நீ தலையசைக்கும்வரை, ரோட்டோரக் கருவேலங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

இனிக் கூட்டிவர வேண்டாம் என்று டாக்டர் சொன்ன அன்று, உன்னிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தேன். மானாமதுரை தாண்டியதும் பஸர் அடித்தது. ஓடி வந்தேன்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல, சும்மாதான் அமுக்குனேன். செத்த இங்கன ஒக்காரு."

உட்கார்ந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. என் கையை எடுத்து உன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டாய்.

"டாக்டரு என்ன சொன்னாருன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாத."

பிறகு நீயே, "சரி, வண்டிய எடு. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போவோம்," என்றாய். அந்த வருஷத்து மழைக்காலத்தைப் பார்க்க நீ இல்லை.

பின் சீட்டுகளைத் திரும்ப மாட்டிவிட்டு, இப்போதும் ராமேஸ்வரத்துக்குச் சவாரி போகிறேன். பின்னால் பேசிக்கொண்டே வருபவர்கள் சட்டென்று அமைதியாகிவிட்டால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. திரும்பிப் பார்த்தால் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவர் விழித்து, "என்னண்ணே, ஏன் நிப்பாட்டிட்டீக?" என்று கேட்பார்.

"ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுகிறேன்.